டிஎன்ஏ ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான்: செல் இந்தக் கணக்கை எப்படிக் காக்கிறது?

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசைகட்டி நிற்பதும், இரண்டு பக்கமும் இழுபட்டுப் போவதும் தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டு வந்தவரிடம் டிஎன்ஏ எப்போது இரண்டாகிறது என்று கேளுங்கள். "செல் பிரியும்போது" என்றுதான் பதில் வரும்.

அது சரியில்லை. குரோமோசோம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் டிஎன்ஏ நகலாகி மணிக்கணக்கில் ஆகியிருக்கும். உட்கரு வெறும் உருண்டையாகத் தெரிவதால் "இதில் ஒன்றுமில்லை" என்று மாணவர்கள் தள்ளிவிட்டுப் போகிற செல்கள் இருக்கின்றனவே, நகலெடுக்கும் வேலை நடப்பது அவற்றில் சிலவற்றில்தான்.

இன்னும் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். டிஎன்ஏ ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நகலாகிறது என்பது ஒன்று. புற்றுநோய் என்றால் டிஎன்ஏ வேகமாக நகலாவது என்பது இன்னொன்று. முதலாவது மனிதச் செல்லைப் பொறுத்தவரை முழுத் தவறு. இரண்டாவது பாதி உண்மைகூட இல்லை.

நகலெடுப்பது செல்லுக்குப் பெரிய காரியமில்லை. பாக்டீரியாவே அதைச் செய்துவிடுகிறது. ஒரு துண்டும் விடுபடாமல், ஒரு துண்டும் இரண்டு தடவை ஆகாமல், எல்லாவற்றையும் சரியாக ஒரே ஒருமுறை நகலெடுப்பதுதான் கடினம். இதற்குச் செல் வைத்திருக்கும் வழி கேட்பதற்கு எளிதானது: அனுமதி கொடுக்கும் நேரம் வேறு, வேலை தொடங்கும் நேரம் வேறு. இரண்டும் ஒருபோதும் ஒரே சமயத்தில் நடக்காது. இந்தக் கட்டுரை அந்த ஒரு ஏற்பாட்டைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு

மனிதச் செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள். அவற்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டிவைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அதில் 600 கோடிக்கும் அதிகமான காரஇணைகள். காரஇணை என்பது டிஎன்ஏ ஏணியின் ஒரு படி என்று வைத்துக்கொள்ளலாம்.

மிகப் பெரியதான 1ஆம் குரோமோசோமை மட்டும் எடுப்போம். அதில் சுமார் 24.8 கோடி காரஇணைகள். டிஎன்ஏ பிரிந்து நகலாகிக்கொண்டே முன்னேறும் முனைக்கு இரட்டிப்புக் கவை என்று பெயர். மனிதச் செல்லில் ஒரு கவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 காரஇணைகளைக் கடக்கும் என்று கொள்வோம். சரியாக நடுவில் ஒரே ஓர் இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடினால்கூட, ஒவ்வொரு கவையும் 12.4 கோடியைக் கடக்க வேண்டும். 62,000 நிமிடம், அதாவது 43 நாள்.

ஆனால் ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் தன் டிஎன்ஏ முழுவதையும் சுமார் 8 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கவை வேகமாக ஓடுவதால் அல்ல. ஒரே சமயத்தில் பல இடங்களில் வேலை நடப்பதால். நகலெடுப்பு தொடங்கும் இந்த இடங்கள் தொடக்கப்புள்ளிகள். ஒரு மனிதச் செல் ஒரு சுற்றில் 30,000 முதல் 50,000 தொடக்கப்புள்ளிகளைப் பயன்படுத்துகிறது. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டுக்கு, அதன் டிஎன்ஏ மிகச் சிறியது என்பதால், சில நூறு போதும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. முப்பதாயிரம் இடங்களில் தொடங்கும் வேலையில், ஏற்கெனவே தொடங்கிய இடம் எது, இன்னும் தொடங்காத இடம் எது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஓர் இடம் மறந்துபோய் இரண்டாம் முறை தொடங்கிவிட்டால் அந்தப் பகுதியின் மரபணுக்கள் மட்டும் கூடுதல் நகலாகிவிடும். தவிர, நகலான பகுதிக்குள்ளேயே இன்னொரு நகல் கிளைத்து முடிச்சுபோல நிற்கும். அந்த இடத்தில் டிஎன்ஏ அறுந்துபோகும் ஆபத்து அதிகம்.

பாக்டீரியாவுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம் குடலில் வாழும் ஈ. கோலைக்கு வட்ட வடிவக் குரோமோசோம் ஒன்று, தொடக்கப்புள்ளியும் ஒன்று. முழுவதையும் நகலெடுக்க அதற்குச் சுமார் 40 நிமிடம். நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. எப்படி என்றால், பழைய நகலெடுப்பு முடியும் முன்பே அதன் மேலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. நம் செல்லில் இப்படி நடந்தால் அது விபத்து.

வாடிவாசலும் டோக்கனும்

பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைக் கவனித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

காளைக்கு டோக்கன் போட்டி தொடங்குவதற்கு முன்னால் வழங்கப்படும். வாடிவாசல் திறந்த பிறகு புது டோக்கன் கிடையாது. டோக்கன் உள்ள காளைகள் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடப்படும். எல்லாம் ஒரே நொடியில் வெளியே வருவதில்லை. வெளியே வந்த காளைக்கு அந்த டோக்கனின் வேலை முடிந்தது. அதே காளையைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி வரிசையில் நிறுத்த முடியாது. நேரம் முடிந்துவிட்டால், டோக்கன் வாங்கியும் அவிழ்க்கப்படாமல் வீடு திரும்பும் காளைகளும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தக் காளை போனது, எது போகவில்லை என்று யாரும் முகம் பார்த்து நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. டோக்கன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். "டோக்கன் வழங்கும் நேரம்", "அவிழ்க்கும் நேரம்" என்ற இரண்டும் கலக்காமல் இருக்கும்வரை எந்தக் காளையும் இரண்டு முறை வராது.

செல்லில் காளையின் இடத்தில் தொடக்கப்புள்ளி. டோக்கன், அதன்மேல் ஏற்றப்படும் ஒரு புரத வளையம். இனி உண்மையான பாகங்களைப் பார்ப்போம்.

நான்கு கட்டங்கள்

ஒரு செல் பிறந்து, வளர்ந்து, இரண்டாகப் பிரியும் வரையிலான வரிசைக்குச் செல் சுழற்சி என்று பெயர். அதில் நான்கு கட்டங்கள்: ஜி1, எஸ், ஜி2, எம். எஸ் கட்டத்தில் டிஎன்ஏ நகலாகும். எம் கட்டத்தில் செல் பிரியும். நுண்ணோக்கியில் நாம் ரசித்துப் பார்ப்பது இந்த எம் கட்டத்தை. இடையிலுள்ள ஜி1, ஜி2 இரண்டும் ஆயத்தம், சரிபார்ப்புக்கான காலம். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும் மனிதச் செல்லில் ஜி1 சுமார் 11 மணி, எஸ் 8 மணி, ஜி2 4 மணி, எம் 1 மணி. நகலெடுப்பு முடிந்ததற்கும் பிரிதல் தொடங்குவதற்கும் இடையே 4 மணி நேர இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பிரிவினை வந்ததும் ஒரு வேர்நுனியிலிருந்துதான். 1953இல் ஹோவர்ட், பெல்க் என்ற இருவர் ஒருவகை அவரையின் வேருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, அது டிஎன்ஏவுக்குள் எப்போது சேர்கிறது என்று பார்த்தார்கள். குரோமோசோம் தெரியாத, "சும்மா" இருப்பதாக எண்ணப்பட்ட காலத்தின் நடுவில் ஒரு குறிப்பிட்ட இடைவேளையில் மட்டும் அது சேர்ந்தது. அந்த இடைவேளைதான் எஸ் கட்டம்.

ஜி1: உரிமம் ஏற்றும் நேரம்

தொடக்கப்புள்ளியை நகலெடுப்புக்குத் தயாராக்கும் வேலைக்கு உரிமம் வழங்குதல் என்று பெயர். முந்தைய செல் பிரிதலின் கடைசியில் தொடங்கி ஜி1 முழுவதும் இது நடக்கும். நான்கு புரதங்கள் வேண்டும்.

தொடக்கப்புள்ளியில் முதலில் உட்காருவது ஓஆர்சி. ஆறு புரதங்கள் சேர்ந்த கூட்டு இது. 1992இல் ஸ்டீபன் பெல், புரூஸ் ஸ்டில்மன் இருவரும் ஈஸ்ட்டில் கண்டெடுத்தது. அதன்மேல் சிடிசி6 வந்து சேரும். பிறகு சிடிடி1 என்ற புரதம், எம்சிஎம் என்ற வளையத்தைக் கூட்டிக்கொண்டு வரும். இந்த மூன்றும் சேர்ந்து எம்சிஎம் வளையத்தைத் திறந்து, டிஎன்ஏவைச் சுற்றிப் பூட்டிவிடும். ஒன்று இல்லை, இரண்டு வளையங்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி. இரண்டு ஏன்? தொடக்கப்புள்ளியிலிருந்து இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசையில் கிளம்ப வேண்டும். ஆளுக்கொன்று.

வளையம் பூட்டியதும் உரிமம் கிடைத்துவிட்டது. ஆனால் வளையம் சும்மா இருக்கும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, எந்த வேலையும் செய்யாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். ஏற்றிவிட்ட சிடிசி6, சிடிடி1 விலகிப் போனாலும் வளையம் கழலாது. முழு ஏற்பாடும் நம்பியிருப்பது இந்த உறுதியைத்தான்.

எஸ்: அவிழ்த்துவிடும் நேரம்

காத்திருக்கும் வளையத்தை எழுப்புவது இரண்டு நொதிகள்: சிடிகே, டிடிகே. இரண்டும் கைனேஸ் வகை. அதாவது, மற்றப் புரதங்களின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் நடத்தையை மாற்றுபவை.

சிடிகே தனியாக வேலை செய்யாது. சைக்ளின் என்ற துணைப் புரதம் சேர்ந்தால்தான் உயிர் பெறும். சுழற்சியில் சைக்ளினின் அளவு ஏறும், பிறகு சட்டென்று அழிக்கப்படும். சிடிகேயின் பலமும் அதோடு ஏறி இறங்கும். ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும் இந்தக் கதையைப் பிரித்தறிந்த லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹண்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிடிகே பலம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் எஸ் கட்டம் தொடங்கும். டிடிகே எம்சிஎம் வளையத்திலேயே பாஸ்பேட்டை ஒட்டும். சிடிகே மற்ற உதவிப் புரதங்களில் ஒட்டும். அதன் பலனாக சிடிசி45, ஜின்ஸ் என்ற இரண்டும் வளையத்தோடு சேர, வளையம் ஹெலிகேஸ் ஆகிவிடும். ஹெலிகேஸ் என்பது டிஎன்ஏ இழைகளைப் பிரித்துக்கொண்டு ஓடும் பொறி. இரட்டை வளையங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஆளுக்கு ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடும். பின்னால் டிஎன்ஏ பாலிமெரேஸ் நொதிகள் புது இழையைக் கட்டிக்கொண்டே வரும். அந்தக் கட்டுமானம் தனிக் கதை. பாடநூல்களில் விரிவாகவே இருக்கிறது.

டோக்கன் உவமை இந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்லில் டோக்கனே ஓடுகிறது. உரிமமாகப் பூட்டப்பட்ட அதே எம்சிஎம் வளையம்தான் பொறியாக மாறித் தொடக்கப்புள்ளியை விட்டுக் கிளம்புகிறது. தொடங்கும் செயலே உரிமத்தை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறது. யாரும் தனியாக வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை.

இதுவரை: ஜி1இல் ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1 மூன்றும் சேர்ந்து எம்சிஎம் வளையத்தைப் பூட்டுகின்றன. எஸ் கட்டத்தில் சிடிகேயும் டிடிகேயும் அதை ஓடவைக்கின்றன. ஓடியதும் தொடக்கப்புள்ளி வெறுமையாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் கேள்வி: வெறுமையான இடத்தில் புது வளையம் ஏன் பூட்டப்படுவதில்லை?

ஒரே சாவி, திறக்கவும் பூட்டவும்

விடை சிடிகேயிடமே இருக்கிறது. வளையத்தை ஓடவைக்கும் சிடிகே, அதே மூச்சில் புது வளையம் ஏற்றுவதைத் தடுக்கிறது.

ஈஸ்ட்டில் இது தெளிவாகத் தெரியும். சிடிகே பலமாக இருக்கும்போது ஓஆர்சியில் பாஸ்பேட் ஒட்டி அதை முடக்கும். சிடிசி6ஐ அழிவுக்கு அனுப்பும். தனியாகத் திரியும் எம்சிஎம், சிடிடி1 இரண்டையும் உட்கருவை விட்டே வெளியேற்றும். ஆக, சிடிகே குறைவாக இருந்தால் உரிமம் ஏற்றலாம், ஓட முடியாது. அதிகமாக இருந்தால் ஓடலாம், உரிமம் ஏற்ற முடியாது. இரண்டும் சேர்ந்து நடக்கும் மூன்றாவது நிலை கிடையாது.

மனிதச் செல் இந்தப் பூட்டோடு வேறு இரண்டையும் வைத்திருக்கிறது. இரண்டும் குறிவைப்பது சிடிடி1ஐ. முதலாவது ஜெமினின் என்ற புரதம். எஸ் கட்டம் தொடங்கும்போது இதன் அளவு ஏறும். சிடிடி1ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளையம் ஏற்றவிடாது. இரண்டாவது பூட்டு இன்னும் நுட்பமானது. நகலெடுப்பு நடக்கும் இடத்தில் பாலிமெரேஸை டிஎன்ஏவோடு பிடித்துவைக்கும் பிசிஎன்ஏ என்ற வளையம் இருக்கும். சிடிடி1 அதைத் தொட்டதும் அழிவுக்கான முத்திரை குத்தப்பட்டுவிடும். அதாவது, நகலெடுப்பு நடக்கிறது என்பதே உரிமம் வழங்குபவரை ஒழிக்கும் சமிக்ஞை.

இத்தனை பூட்டு எதற்கு என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஒரே ஒரு பூட்டு இருக்கிறது, அது ஆயிரத்தில் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பூட்டுதான். ஆனால் தொடக்கப்புள்ளிகள் 30,000. ஒவ்வொரு சுற்றிலும் 30 இடங்கள் இரண்டாம் முறை தொடங்கும். ஒன்றையொன்று சாராத இன்னொரு பூட்டு, அதுவும் ஆயிரத்தில் ஒருமுறை தவறக்கூடியது, சேர்ந்தால் தவறு பத்து லட்சத்தில் ஒன்றாகும். சராசரியாக 33 சுற்றுக்கு ஓர் இடம். மூன்றாவது பூட்டு சேர்ந்தால் 33,000 சுற்றுக்கு ஒன்று. இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். ஆனால் தனித்தனியாகச் சுமாரான பல பூட்டுகள் சேர்ந்து எப்படிக் கிட்டத்தட்டத் தவறாத காவலாகின்றன என்பதை இவை காட்டும்.

எல்லாப் பூட்டும் திறப்பது எம் கட்டத்தின் கடைசியில். அனபேஸ் ஊக்கக் கூட்டு என்ற புரத அமைப்பு அப்போது சைக்ளினையும் ஜெமினினையும் சேர்த்து அழிவுக்கு அனுப்பும். சிடிகே பலம் விழும், சிடிடி1 விடுதலையாகும், பிறந்த இரண்டு செல்களிலும் வளையம் ஏற்றும் வேலை புதிதாகத் தொடங்கும். செல் பிரிந்து முடிப்பதும் அடுத்த உரிமத்துக்கான வாசல் திறப்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். அதனால்தான் ஒரு பிரிதலுக்கு ஒரு நகலெடுப்பு என்ற கணக்கு பிசகுவதில்லை.

இது எப்படித் தெரியவந்தது

புரதங்களின் பெயர்கள் தெரிவதற்கு வெகு முன்பே, 1970இல், இந்தியாவில் பிறந்த பி.என். ராவும் ராபர்ட் ஜான்சனும் வெவ்வேறு கட்டத்திலிருக்கும் மனிதச் செல்களை ஒட்டவைத்து ஒன்றாக்கிப் பார்த்தார்கள். ஜி1 செல்லை எஸ் செல்லோடு சேர்த்தால், ஜி1 உட்கரு தன் நேரத்துக்கு முன்பே நகலெடுக்கத் தொடங்கியது. ஜி2 செல்லை எஸ் செல்லோடு சேர்த்தால் ஜி2 உட்கரு அசையவில்லை.

எளிய சோதனை; ஆனால் இரண்டு உண்மைகளைப் பிரித்துக் காட்டிவிட்டது. தொடங்கச்சொல்லும் பொருள் எஸ் செல்லில் இருக்கிறது, அது பக்கத்து உட்கருவுக்கும் பரவும். ஆனாலும் ஜி2 உட்கரு அதற்குச் செவிசாய்க்கவில்லை என்றால், ஏற்கெனவே நகலான டிஎன்ஏவில் ஏதோ ஒன்று தீர்ந்துபோயிருக்க வேண்டும். 1988இல் ஜூலியன் புளோ, ரான் லாஸ்கி இருவரும் தவளை முட்டைச் சாற்றில் செய்த சோதனைகளின் அடிப்படையில் அந்த "தீர்ந்துபோன ஒன்று" உரிமம் என்று முன்வைத்தார்கள். அது பிரிதலின்போது உட்கரு உறை உடையும் சமயத்தில் மட்டும் உள்ளே வரும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். உறை பற்றிய பகுதி பின்னால் திருத்தப்பட்டது. உரிமம் என்ற கருத்து நின்றது. தீர்ந்துபோகும் பொருள் எம்சிஎம் வளையம் என்று தெரிந்தது.

விடுபடாமல் பார்த்துக்கொள்வது

இரண்டு முறை ஆகக்கூடாது என்ற விதி ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவருகிறது. எஸ் கட்டத்தில் புது உரிமம் கிடையாது என்றால், வழியில் கவை நின்றுபோனால் என்ன செய்வது? டிஎன்ஏவில் ஒரு சேதம் குறுக்கிடலாம். கட்டுவதற்கான மூலப்பொருள் தீரலாம். எதிரெதிரே வரும் இரண்டு கவைகளும் நின்றுவிட்டால் நடுவிலுள்ள துண்டு நகலாகாமல் கிடந்துவிடும்.

இதற்காகத்தான் செல் ஜி1இலேயே தேவையைவிடப் பல மடங்கு எம்சிஎம் வளையங்களைப் பூட்டிவைக்கிறது. பெரும்பாலானவை அந்தச் சுற்றில் ஓடுவதே இல்லை. பக்கத்திலிருந்து வரும் கவை கடந்துபோகும்போது அவற்றைக் கழற்றிவிட்டுப் போகும். கவை வராமல் நின்றுபோனால் மட்டும் அருகில் உறங்கும் இந்தத் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று விழித்து வேலையை முடிக்கும். உரிமத்தை முன்கூட்டியே தாராளமாகக் கொடுத்து, பிறகு கறாராக நிறுத்திவிடுவது என்பது நிர்வாகத்தில் எத்தனை பேருக்குச் சாத்தியம் என்று தெரியவில்லை, செல்லுக்குச் சாத்தியம்.

கவை நிற்பதைக் கவனிக்கும் காவலும் உண்டு. ஏடிஆர், சிஎச்கே1 என்ற இரண்டு கைனேஸ்கள், கவைகள் திணறும்போது, இன்னும் தொடங்காத பகுதிகளில் புது வேலை தொடங்குவதைத் தள்ளிவைக்கும்; நகலெடுப்பு முடியும்வரை செல் பிரிவதையும் தடுக்கும். தொடக்கப்புள்ளிகள் அரிதாக உள்ள சில நீண்ட பகுதிகள் அப்படியும் தாமதமாகும். குரோமோசோம்கள் அங்கே எளிதில் முறிவதால் அவற்றை நொய்விடங்கள் என்கிறார்கள்.

வாசலில் ஒரு காவல், குழந்தையின் கண்ணில் ஒரு புற்று

எஸ் கட்டத்துக்குள் நுழைவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஜி1இல். இங்கே காவல் நிற்பது ஆர்பி என்ற புரதம். எஸ் கட்டத்துக்குத் தேவையான மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் என்ற புரதத்தை ஆர்பி அழுத்திப் பிடித்துவைத்திருக்கும். வளரச்சொல்லும் சமிக்ஞை வெளியிலிருந்து வந்தால் சைக்ளின் டி உருவாகி, சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு சிடிகே வகைகளோடு சேர்ந்து ஆர்பியின் பிடியைத் தளர்த்தும். ஈ2எஃப் விடுபடும். அதன் பிறகு சமிக்ஞை நின்றாலும் செல் பின்வாங்காது.

இந்தப் புரதத்துக்குப் பெயர் வந்தது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயிலிருந்து. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஆர்பி மரபணுவின் இரண்டு நகலும் கெட்டுப்போன விழித்திரைச் செல், யாரும் சொல்லாமலே எஸ் கட்டத்துக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். இரண்டு அடி விழ வேண்டும் என்பதை 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் நோயாளிகளின் கணக்குகளை வைத்தே ஊகித்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால் நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்வது இந்த நோயை முன்கூட்டியே பிடிக்கத்தான்.

முன்பு சொன்ன தவறான பேச்சுக்கு இது பதிலும்கூட. புற்றுச் செல்லில் கவை வேகமாக ஓடுவதில்லை. பல சமயம் தட்டுத்தடுமாறி ஓடும். ஓடத் தொடங்கலாமா என்ற கேள்வியைக் கேட்பவர் இல்லாமல் போனதுதான் கோளாறு.

பால்போசிக்லிப் என்ற மாத்திரையும் இந்த வாசலில்தான் வேலை செய்கிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத மார்பகப் புற்றுக்கு, ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துத் தருவார்கள். சிடிகே4, சிடிகே6 இரண்டையும் தடுத்து, ஆர்பியின் பிடி தளராமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே கட்டியில் ஆர்பியே இல்லை என்றால் இந்த மருந்தால் பயனில்லை. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் உண்டு: எலும்பு மஜ்ஜைச் செல்களும் அதே வாசலில் நின்றுவிடுவதால் வெள்ளையணுக்கள் குறையும், அந்த ஒரு வாரம் அவை தேறிக்கொள்வதற்கு.

சுருக்கமாக: உரிமம் வழங்குதல் எத்தனை முறை என்பதைக் காக்கிறது. ஆர்பி வாசல் தொடங்கலாமா என்பதைக் காக்கிறது. இரண்டும் வேறு வேறு காவல்கள். செய்திகளில் இவை ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

எங்கே தவறும், எப்படித் தவறும்

ஆய்வகத்தில் மனிதப் புற்றுச் செல்கள் சிலவற்றில் ஜெமினினை நீக்கினால், அவை பிரியாமலே டிஎன்ஏவை மீண்டும் மீண்டும் நகலெடுக்கத் தொடங்கும். உட்கரு வீங்கும், டிஎன்ஏ துண்டு துண்டாக அறும், செல் சாகும். சிடிடி1ஐ அளவுக்கு மீறி உருவாக்கினாலும் இதே கதை.

எதிர்ப்பக்கத் தவறு, உரிமம் பற்றாமல் போவது. ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1 மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தால் மையர்-கோர்லின் நோய் வரும். உயரம் குறைவு, காது சிறிது, முழங்கால் சில்லு இல்லை அல்லது மிகச் சிறியது. உரிமம் முழுவதும் இல்லாமல் போனால் கரு தங்கவே தங்காது. பாதி வேலை செய்யும் புரதம் இருப்பதால்தான் குழந்தை பிறக்கிறது. ஆனால் செல்கள் போதிய எண்ணிக்கையில் பெருகுவதில்லை.

நம் ஊரில் மிக அதிகமாகக் காண்பது வேறொரு வகை: உரிமம் சரி, தொடக்கம் சரி, மூலப்பொருள் இல்லை. ஃபோலிக் அமிலமோ பி12ஓ குறைந்தால் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செல்லால் போதிய அளவு செய்ய முடியாது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வேண்டிய செல் எஸ் கட்டத்தில் மாட்டிக்கொள்ளும். புரதம் செய்யும் வேலை மட்டும் நிற்காது என்பதால் செல் பிரியாமல் பெருத்துக்கொண்டே போகும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி என்ற எண் கூடியிருப்பது இதனால்தான். இரும்புச்சத்துக் குறைவில் அதே எண் குறையும். பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது.

எல்லாக் கூடுதல் நகலும் கோளாறு அல்ல. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வரும் தக்காளியின் சதையிலுள்ள செல்கள், பிரியாமலே எஸ் கட்டத்தைப் பல சுற்று கடந்தவை. சிலவற்றில் டிஎன்ஏ அளவு 256 மடங்கு வரை போகும். நம் உடலில் ரத்தத் தட்டுகளைத் தரும் மெகாகாரியோசைட் செல்களும் இப்படித்தான். இங்கே விதி மீறப்படவில்லை. செல் எம் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது, அல்லது பாதியில் கைவிட்டுவிடுகிறது; ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சிடிகே விழுந்து, உரிமம் புதிதாக ஏற்றப்பட்டு, ஒருமுறை நகலாகிறது. ஜெமினினை நீக்கிய செல்லின் வீக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான்.

கடைசியாக, மார்பகப் புற்று திசுப் பரிசோதனை அறிக்கைகளில் வரும் கேஐ-67 என்ற எண். "20 சதவீதம்" என்றிருந்தால் 20 சதவீதச் செல்களில் டிஎன்ஏ நகலாகிக்கொண்டிருக்கிறது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கேஐ-67 என்பது ஜி1, எஸ், ஜி2, எம் நான்கு கட்டங்களிலும் தெரியும் புரதம். சுழற்சியை விட்டு விலகி ஓய்விலிருக்கும் செல்லில் மட்டும் தெரியாது. அந்த எண் சொல்வது எத்தனை செல்கள் சுழற்சிக்குள் இருக்கின்றன என்பதை. எத்தனை செல்கள் நகலெடுக்கின்றன என்று அறிய வேண்டுமானால் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏ அளவை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் அளக்க வேண்டும். ஜி1 செல்கள் ஒரு மடங்கில் குவியும், ஜி2வும் எம்மும் இரு மடங்கில் குவியும், இரண்டு குவியலுக்கும் நடுவில் பரவிக்கிடப்பவை எஸ் கட்டத்தில் இருப்பவை.